பிளிமத்திலிருந்து அசோர்ஸ்: 26 அடிப் படகுக்குப் பழைய ஏரீஸ் விண்ட்வேன் சரிப்படுமா?

குட்டிப்படகு26

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு கான்டெஸ்ஸா 26 பாய்மரப் படகு இருக்கிறது. 1970களில் லிமிங்டனில் கட்டியது, என்னைவிட வயதில் மூத்த படகு. ஆட்கள் நானும் மனைவியும் மட்டும்தான். அவர் நர்ஸ், இரவு ஷிஃப்ட் பார்த்துப் பழகியவர். எனக்குத்தான் நடுநிசி தாண்டினால் கண் சொருகும். இதுவரை சோலண்ட் (வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவிலுள்ள கடல்), பூல், வேமத், ஒரு தடவை சேனலைக் கடந்து செர்பூர்க் என்று ஓட்டியிருக்கிறோம்.

அடுத்த கோடையில் பிளிமத்திலிருந்து அட்லாண்டிக் நடுவே அசோர்ஸில் உள்ள தெர்செய்ரா தீவுக்குப் போக ஆசை. ஜெஸ்டர் சேலஞ்சில் 30 அடிக்கு உட்பட்ட படகுகள் போகும் அதே வழி. சுமார் 1,200 கடல் மைல். இந்தப் படகு ஒரு நாளைக்கு 80 முதல் 100 மைல் போனால் பெரிய விஷயம். ஆக இரண்டு வாரத்துக்கு யாராவது ஒருவர் டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைக்கம்பை, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். செர்பூர்க்கிலிருந்து திரும்பும்போதே எங்கள் இருவருக்கும் தோள்பட்டை போய்விட்டது. சாப்பாடு செய்யவோ பாயைச் சுருக்கவோ ஒருவர் நகர்ந்தால் இன்னொருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது.

மின்சார டில்லர் பைலட் ஒன்று படகோடு வந்தது. அமைதியான கடலில் நன்றாக ஓட்டும். பின்னாலிருந்து அலை வந்தால் முனகிக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. அதோடு எங்களிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 80 வாட் சோலார் பலகை ஒன்று. வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் தாங்குமா என்பதே சந்தேகம்.

இப்போது ஒருவர் பழைய ஏரீஸ் விண்ட்வேன், அதாவது காற்றை வைத்துப் படகைத் தானே ஓட்டும் கருவி, விற்கிறார். 850 பவுண்ட் கேட்கிறார். போட்டோவில் நன்றாக இருக்கிறது, நேரில் இன்னும் பார்க்கவில்லை. வாங்கலாமா? என் தயக்கங்கள் இவை: எங்கள் சுக்கான் படகின் பின்பலகையிலேயே வெளியே தொங்குகிறது, அதற்குப் பின்னால் இதை எப்படிப் பொருத்துவது? 26 அடிப் படகுக்கு இந்த இரும்புக்கோட்டை கனம் தாங்குமா? அப்புறம் ஒரு அடிப்படைச் சந்தேகம். இரண்டடிப் பலகை ஒன்று காற்றில் ஆடுவதை வைத்து இரண்டரை டன் படகை எப்படித் திருப்ப முடிகிறது? படித்துப் பார்த்தேன், படமும் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

சோலண்ட் ராணி

வாங்குங்கள். யோசித்துக்கொண்டிருந்தால் வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பழைய ஏரீஸ் இந்த விலைக்கு அடிக்கடி வராது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சோலண்டுக்குள் அதை மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு "இது சரியில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே இரண்டு மைலுக்கு ஒரு தடவை காற்று திசை மாறும், நடுவில் ஃபெர்ரி வரும், ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். சோலண்டின் மேற்கு வாசலில் இருக்கும் நீடில்ஸ் பாறைகளைத் தாண்டி வெளியே போன பிறகுதான் அதன் அருமை தெரியும்.

பழைய எஞ்சினியர்

தம்பி, ஏரீஸ் நல்ல சாமான். நிக் ஃபிராங்க்ளின் 1968ல் வைட் தீவில் தயாரிக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து யூனிட்டுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன, உதிரிப் பாகமும் கிடைக்கிறது. ஆனால் விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் படகைக் கொஞ்சம் சோதிக்க வேண்டும்.

விண்ட்வேன் சுக்கான் பிடிக்க வரும் மூன்றாவது ஆள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். தானாகவே ஓரளவு நேராக ஓடுகிற படகு கொஞ்சம் விலகும்போது திருத்திக் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. கையை விட்டுச் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. ஹேண்டில்பார் கோணலாக இருந்தால் எந்தக் கெட்டிக்காரனாலும் அது முடியாது. இந்த மெரினாவில் விண்ட்வேனைத் திட்டுகிற ஆட்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களோடு ஒரு மணி நேரம் படகில் போனால் போதும், பாய் முழுக்க விரித்து, படகு சாய்ந்து, டில்லரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிலையில் வேன் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை இதுதான். 12 முதல் 15 நாட் (மணிக்குக் கடல் மைல்) காற்றில் வெளியே போங்கள். காற்றுக்குக் கொஞ்சம் முகம் கொடுத்த மாதிரி ஓட்டி, டில்லரை ஒரு ரப்பர் கயிற்றால் கட்டிவிட்டுக் கையை எடுங்கள். படகு எத்தனை நேரம் போக்கு மாறாமல் போகிறது என்று பாருங்கள். நீளக் கீல் (படகின் அடியில் இறங்கும் பகுதி) உள்ள படகு என்பதால் கான்டெஸ்ஸா இதில் நல்ல பெயர் வாங்கும். மாறாக, விட்ட உடனே மூக்கைக் காற்றுக்குள் திருப்பினால் மெயின் பாய் அதிகம் என்று அர்த்தம். ரீஃப் போடுங்கள் (பாயைச் சுருக்குங்கள்), மெயின் பாயின் கயிறு நகரும் டிராவலரைக் கீழே இறக்குங்கள், ஜிப்பை, அதாவது முன் பாயை, கொஞ்சம் பெரிதாக விடுங்கள். டில்லர் நடுவிலிருந்து ஐந்து பாகைக்குள் நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். உங்கள் படகு சீக்கிரம் சாயும் ஜாதி. சாயச் சாய மூக்கு காற்றுக்குள் போகும். அதனால் மற்றவர்கள் ரீஃப் போடுவதற்கு ஒரு படி முன்னாலேயே நீங்கள் போட வேண்டும். வேகம் குறையாது, போட்டுப் பார்த்தால் தெரியும்.

இனி அந்த இரண்டடிப் பலகை விஷயம். படகைத் திருப்புவது காற்றுப் பலகை அல்ல, தண்ணீர். படகு ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் விடுங்கள். தகடு ஓட்டத்துக்கு நேராக இருந்தால் கையில் பாரமே தெரியாது. பிடியை மணிக்கட்டால் லேசாகத் திருகுங்கள். துடுப்பு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகும், உங்களையும் இழுக்கும். திருக வேண்டிய பலம் கொஞ்சம், கிடைக்கும் பலம் ஏராளம். ஏரீஸ் செய்வது இதையேதான். படகு போக்கிலிருந்து விலகினால் காற்று வேனின், அதாவது மேலே நிற்கும் காற்றுப் பலகையின், முகத்தில் அடித்து அதைச் சாய்க்கிறது. அந்தச் சாய்வு கம்பி வழியாகக் கீழே வந்து, தண்ணீரில் தொங்கும் துடுப்பை ஒன்றிரண்டு பாகை திருகுகிறது. துடுப்பு ஊசல் மாதிரி ஒரு பக்கம் வீசுகிறது. அதில் கட்டிய கயிறுகள் கப்பி வழியாக வந்து டில்லரை இழுக்கின்றன. அப்படி வீசும்போதே பல்சக்கரம் துடுப்பின் திருகலைக் குறைத்துவிடும், அதனால் மிதமிஞ்சித் திருப்பாது.

தண்ணீரின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 2 நாட்டில் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு 4 நாட்டில் கிடைக்கும். காற்று ஏற ஏற மின்சார பைலட் திணறும், இதுவோ பலசாலியாகும். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் களைத்துப்போயிருக்கும் நேரமும் அதுதானே.

இந்த ஊசல் துடுப்பைக் கொண்டுவந்தவர் பிளாண்டி ஹாஸ்லர் என்ற பிரிட்டிஷ் மாலுமி. 1960ல் நடந்த முதல் ஒற்றையாள் அட்லாண்டிக் பந்தயத்துக்கு வித்திட்டவரும் அவரே. ஐந்து படகுகள் போயின, பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் நியூயார்க் சேர்ந்தார், 25 அடி ஜெஸ்டரில் ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். ஜெஸ்டர் என்பது ஃபோக்போட் என்ற வகைப் படகின் உடம்பு. உங்கள் கான்டெஸ்ஸாவின் உடம்பும் ஃபோக்போட் வழி வந்தது. சொந்தக்காரப் படகுதான், பயப்படாதீர்கள்.

தொங்கும் சுக்கான் பற்றிக் கேட்டீர்கள். பொருத்த முடியும், அளவெடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். துடுப்பு சுக்கானுக்குப் பின்னால் தொங்க வேண்டும் என்பதால் தாங்கிக் குழாய்கள் வெளியே நீளும். சுக்கானை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, அதன் பின் விளிம்பு எங்கெல்லாம் போகிறது என்று அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். துடுப்பும் சட்டமும் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும், ஒரு கை அகலம் இடைவெளியும் வேண்டும். பின்பலகைக்கு உட்பக்கம் நல்ல தடிமனான மரைன் பிளைவுட் வைத்து, பெரிய வாஷரோடு முடுக்குங்கள். வெறும் ஃபைபர் தகட்டில் போல்ட் போட்டால் ஒரு பருவத்தில் சுற்றிலும் விரிசல் விடும்.

கனம் 20 கிலோ அளவில் வரும். ஒரு ஆள் பின்னால் போய் உட்காரும் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படகின் கடைசி நுனியில் தொங்குவதால் கொஞ்சம் உறுத்தும்தான். பின் பெட்டிக்குள் இருக்கும் உதிரி நங்கூரத்தையும் பெட்ரோல் கேனையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

நேரில் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு துடுப்புத் தண்டை ஆட்டுங்கள், லொடலொடவென்றால் புஷ் (தண்டு சுழலும் வளையம்) தேய்ந்திருக்கிறது. புஷ் மாற்றலாம், ஆனால் விலையில் பேசிக் குறையுங்கள். காற்றில்லாத இடத்தில் வேனைச் சாய்த்து விட்டுவிடுங்கள், எதிர்ப்பாரத்தின் இழுப்பில் தானே மெதுவாக நிமிர வேண்டும். பாதியில் நின்றால் உள்ளே உப்பு இறுகியிருக்கிறது. வெந்நீர் ஊற்றி ஊற்றி அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கிரீஸ் மட்டும் அடிக்காதீர்கள், உப்பையும் மணலையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கடைசியாக, அலுமினியச் சட்டத்துக்குள் இறங்கும் ஸ்டீல் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் ஸ்பேனர் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இறுகிப்போன போல்ட் நான்கைந்து இருந்தால் அந்த 850 உண்மையில் 1,200 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அலுமினியத்தில் உடைந்து மாட்டிய ஸ்டீல் போல்ட்டை எடுப்பது போல எரிச்சலான வேலை வேறில்லை.

வடக்குக் கடல்

எஞ்சினியர் ஐயா சொன்ன பலகைச் சோதனை, போல்ட் சோதனை எல்லாம் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

வேறு வகைகளும் உண்டு. ஹைட்ரோவேன் மாதிரி தனக்கென்று ஒரு சின்னச் சுக்கானோடு வருபவை இருக்கின்றன. டில்லருக்குக் கயிறே வேண்டாம். உங்கள் சுக்கான் உடைந்தாலும் அதை வைத்து ஊர் போய்ச் சேரலாம். சக்கரம் பிடித்து ஓட்டும் 35, 40 அடிப் படகு என்றால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். டில்லர் உள்ள 26 அடிப் படகுக்கு அந்தப் பணம் தேவையில்லை. தொங்கும் சுக்கான் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. சுக்கானின் பின் விளிம்பில் ஒரு சின்னத் தகடு வைத்து, வேன் அதை மட்டும் திருப்புவது. தகடு ஒரு பக்கம் திரும்பினால் சுக்கான் மறுபக்கம் போகும். பிரெஞ்சு மாலுமி மொய்டேசியே தன் ஜோஷுவா படகில் இப்படித்தான் வைத்திருந்தார். கையில் மர வேலை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டும்போது மட்டும் அந்தத் தகடு தன் இஷ்டத்துக்குத் திரும்பி மானத்தை வாங்கும்.

இரண்டாவது, நீங்கள் போகும் வழி. பிளிமத்திலிருந்து தெர்செய்ரா தென்மேற்கில் இருக்கிறது. அந்தப் பக்கம் பெரும்பாலும் வீசுவதும் தென்மேற்குக் காற்றுதான். காற்று இடப்பக்கம் வர, மேற்கு நோக்கிப் போகிறீர்கள் என்று வையுங்கள். இரவில் ஒரு ஃப்ரன்ட் (வானிலை மாறும் எல்லை) கடக்கிறது. காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்புகிறது, முழுதாக 90 பாகை. வேனுக்குத் திசைகாட்டி தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். அதுவும் படகோடு சேர்ந்து அழகாக 90 பாகை திரும்பும். படகு சாயும் கோணம், அலைச் சத்தம் எதுவும் மாறாது. காலையில் எழுந்து பார்த்தால் மூக்கு அயர்லாந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையில் அந்த வடமேற்குக் காற்று உங்களுக்கு வரம். அந்த நேரத்தில் படகை மறுபக்கம் திருப்பியிருந்தால் நேராக அசோர்ஸை நோக்கிப் பக்கக் காற்றில் ஓடியிருக்கலாம். அதனால் ஜிபிஎஸ்ஸில் போக்கு விலகினால் கத்தும் அலாரத்தைப் போட்டுவிடுங்கள். பாரோமீட்டர் இறங்கி நின்று ஏறத் தொடங்கும் நேரத்தில் யார் காவல் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

அசோர்ஸ் நெருங்க நெருங்க உயரழுத்தப் பகுதி வரும். காற்று செத்துவிடும், அலை மட்டும் மிச்சமிருக்கும். பின்காற்று 6 நாட், படகு 3 நாட் என்றால் வேனுக்குத் தெரியும் காற்று வெறும் 3 நாட். அதை வைத்து அதனால் ஒன்றும் செய்ய முடியாது, படகு உருள்கிற உருளலில் குழம்பிப் போகும். பின்காற்றிலேயே போக வேண்டியிருந்தால் நேர் பின்னால் வைக்காமல் ஒரு 20, 30 பாகை பக்கவாட்டில் வைத்துப் போங்கள். பூம் (மெயின் பாயின் அடிக்கம்பு) தவறிப்போய் மறுபக்கம் அடிக்காமல் முன்னுக்கு ஒரு கயிறும் கட்டிவையுங்கள்.

சோலண்ட் ராணி

காற்று செத்த நேரத்துக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் டில்லர் பைலட்டை விற்றுவிடாதீர்கள். விண்ட்வேனின் காற்றுப் பலகையைக் கழற்றிவிட்டு, அந்த எதிர்ப்பாரக் கம்பியோடு டில்லர் பைலட்டின் கையை இணைக்கலாம். பைலட் தள்ள வேண்டியது ஒரு சின்னப் பலகையின் பாரம் மட்டும், மீதி வேலையைத் தண்ணீர் செய்யும். டில்லரை நேராகத் தள்ளினால் சராசரியாக ஒரு ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி. இப்படி மாட்டினால் அதில் சின்னப் பங்குதான் செலவாகும். எஞ்சின் போட்டு ஓட்டும்போதும் இதே ஏற்பாடு வேலை செய்யும், ஏனென்றால் துடுப்புக்குத் தேவை தண்ணீர் ஓட்டம் மட்டும்தான். பொருத்தும் தாங்கியை மட்டும் அலுமினியத் துண்டில் நாமே செய்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் பழைய காலத்துச் சாமான், இப்போது யார் வைக்கிறார்கள் என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். 2022–23 கோல்டன் குளோப் பந்தயத்தில் எலெக்ட்ரானிக் பைலட்டுக்கே அனுமதி கிடையாது, உலகைச் சுற்றி விண்ட்வேன்தான். நம் இந்தியக் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி பயனாத் என்ற 36 அடிப் படகில் 236 நாளில் சுற்றி வந்து இரண்டாம் இடம் பிடித்தார். அவருடைய வேனும் வழியில் பழுதானது, கையில் இருந்ததை வைத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். 2018 பந்தயத்தில் வேன் உடைந்ததால் விலகியவர்களும் உண்டு. அதனால் உதிரிகளை நிறைய எடுத்துப் போங்கள்.

குட்டிப்படகு26

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. துடுப்பைத் தண்ணீரில் திருகிப் பார்த்தேன், எஞ்சினியர் அண்ணா. ஹாம்பிள் ஆற்றில் டிங்கியில் (சின்னத் துணைப் படகில்) போய்ப் பார்த்தது. மனைவி பிடித்துக்கொண்டதால் துடுப்பு பிழைத்தது. இப்போது புரிகிறது.

டில்லரைக் கட்டிவிட்டும் ஓட்டினோம். காற்றுக்கு முகம் கொடுத்து ஓட்டும்போது ஒரு ரீஃப் போட்டு, ஜிப்போடு, நாங்கள் கையே வைக்காமல் ஒரு சாண்ட்விச் சாப்பிட்டு முடிக்கும் அளவுக்கு நேராகப் போனது. பக்கக் காற்றில் அப்படி இல்லை, அரை நிமிடத்தில் காற்றுக்குள் திரும்புகிறது.

ஏரீஸையும் நேரில் பார்த்தேன். வேன் தானே நிமிர்கிறது. துடுப்புத் தண்டில் ஆட்டம் இருக்கிறது. இரண்டு போல்ட் அசையவில்லை. 650க்குப் பேசி வாங்கிவிட்டேன். இன்னும் மூன்று கேள்வி. கயிறுகளை டில்லரில் எங்கே கட்டுவது? உதிரியாக எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? இது நடுக்கடலில் மொத்தமாக உடைந்துவிட்டால்?

பழைய எஞ்சினியர்

650 நியாயமான விலை. பக்கக் காற்றில் அப்படித்தான் இருக்கும், அதைத் திருத்தத்தான் வேன் வாங்கியிருக்கிறீர்கள். மெயின் பாயை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

டில்லரில் ஒரு சாண் நீளச் சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, கயிற்றின் இரு முனைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். டில்லரின் மேல் ஒரு கொக்கி. சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணியை அதில் மாட்டினால் வேன் கையில் படகு, தூக்கினால் உங்கள் கையில். கப்பல் ஒன்று திடீரென்று எதிரே வரும்போது இந்த ஒரே அசைவுதான் காப்பாற்றும், முடிச்சு போட்டால் தொலைந்தது. சுக்கான் அச்சிலிருந்து 60 செ.மீ. அளவில் தொடங்குங்கள். துடுப்பு முழுதாக வீசியும் படகு சோம்பலாகத் திரும்பினால் கொக்கியை அச்சுக்குப் பக்கம் நகர்த்துங்கள். வேன் திணறி, டில்லரை இழுக்கப் பலம் போதவில்லை என்றால் அச்சிலிருந்து தள்ளி நகர்த்துங்கள். ஏரீஸின் பல்சக்கரத்தில் ஒரு பல் 6 பாகை, அதற்குக் குறைவாகப் போக்கை மாற்ற முடியாது. அந்த நடு அளவுகளுக்குத்தான் சங்கிலிக் கண்ணி.

கயிறு டைனீமா என்ற நீளாத செயற்கை இழை, 6 மி.மீ. போதும். கப்பிகள் நல்ல உருளையோடு, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கயிற்றில் தளர்ச்சி இருந்தால் அந்தத் தளர்ச்சி அளவுக்குப் படகு பாம்பு மாதிரி நெளியும். வேன் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நான் செய்வது கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுப்பது மட்டும்தான்.

மாட்டும் முறையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கையால் ஓட்டிப் போக்கைப் பிடித்து, பாய்களைச் சரிசெய்யுங்கள். வேனின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பி, அது நேராக நிமிர்ந்து நிற்கும்வரை பொறுங்கள். அப்புறம் சங்கிலியைக் கொக்கியில் போடுங்கள். போட்டுவிட்டு ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். எல்லோருக்கும் கை பரபரக்கும், ஒரு பல் இப்படி, ஒரு பல் அப்படி என்று. படகு தன் போக்கைக் கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள்.

உதிரி என்றால் காற்றுப் பலகை இரண்டு. ஒன்று மெல்லிய ஒட்டுப்பலகையில் உயரமாக, மெல்லிய காற்றுக்கு. மற்றது குட்டையாக, புயலுக்கு. துடுப்பு எதிலாவது மோதினால் முதலில் உடைவதற்கென்றே ஒரு பலவீனமான இணைப்பு வைத்திருப்பார்கள், அதில் இரண்டு மூன்று. துடுப்பில் ஒரு கயிறு கட்டிப் படகோடு பிணைத்துவிடுங்கள். அந்த இணைப்பு உடைந்தால் அதன் வேலையைச் செய்துவிட்டது, துடுப்பு அட்லாண்டிக்கின் அடியில் கிடந்தால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? டில்லர் கயிறு ஒரு முழு ஜோடி. புஷ் ஒரு செட்.

மொத்தமாகப் போய்விட்டால், 1966ல் சிச்செஸ்டருக்கு ஜிப்சி மாத் IV என்ற படகில் நடந்ததுதான். சிட்னிக்கு இன்னும் 2,300 மைல் இருக்கும்போது வேன் உடைந்தது. முன் பாயின் கயிற்றை டில்லருக்குக் கொண்டுவந்து அதை வைத்தே ஓட்டிப் போய்ச் சேர்ந்தார். இதை நீங்கள் இப்போதே பழக வேண்டும், உடைந்த பிறகு அல்ல. ஜிப் கயிற்றில் ஒரு சின்னக் கயிற்றை இணைத்து, காற்று வரும் பக்கத்தில் ஒரு கப்பி வழியாக டில்லருக்குக் கொண்டுவாருங்கள். எதிர்ப்பக்கத்தில் ரப்பர் குழாய் ஒன்றைக் கட்டி டில்லரை இழுத்துப் பிடிக்கச் செய்யுங்கள். காற்று ஏறினால் பாய் டில்லரைக் காற்றுப் பக்கம் இழுக்கும், படகு காற்றிலிருந்து விலகும். காற்று குறைந்தால் ரப்பர் மறுபக்கம் இழுக்கும். மருத்துவமனை ரப்பர் குழாய் இதற்கு ரொம்பப் பொருத்தம், உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள்.

வடக்குக் கடல்

ஒன்று விட்டுப்போயிற்று, அதுதான் முக்கியம். கையால் ஓட்டும் படகில் ஆள் தண்ணீரில் விழுந்தால் டில்லர் சும்மா கிடக்கும், படகு காற்றுக்குள் திரும்பி நின்றாலும் நிற்கும். வேன் ஓட்டும் படகு நிற்காது. கீழே தூங்குபவருக்கும் தெரியாது. இரவில் மேலே ஒருவர் தனியாக இருக்கும் நேரம் முழுக்க ஹார்னெஸ் மாட்டியே இருக்க வேண்டும், காக்பிட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும். சிலர் பின்னால் நீளமாக ஒரு மிதக்கும் கயிற்றை இழுத்துக்கொண்டு போவார்கள், பிடித்து இழுத்தால் சங்கிலி கொக்கியிலிருந்து கழலும்படி. 5 நாட்டில் ஓடும் கயிற்றைப் பிடித்துத் தொங்குவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஹார்னெஸுக்கு அது மாற்று அல்ல.

வேன் ஓட்டுகிறது என்பதற்காகக் கண்காணிப்பை விடவும் கூடாது. எல்லா நேரமும் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கடல் விதிகளில் ஐந்தாவது விதி. பிரான்சின் வடமேற்கு முனையில் உள்ள உஷான்ட் தீவுப் பக்கம் கப்பல்கள் வரிசையாக வரும். மற்ற கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ் கருவி வைத்திருந்தாலும் சின்ன மீன்பிடிப் படகுகளில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. சுக்கானிலிருந்து விடுபட்ட ஆள் பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தச் செலவெல்லாம்.

குட்டிப்படகு26

ஹார்னெஸ் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே சட்டம் போட்டாயிற்று. ரப்பர் குழாய்க்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. குளிர்காலத்தில் யூனிட்டைக் கராஜில் பிரித்து வெந்நீரில் போட்டு புஷ் மாற்றுகிறேன், மார்ச்சில் பின்பலகையில் பொருத்த வேண்டும். படகைக் கரையேற்றாமல், மெரினாவில் மிதக்கும்போதே அந்த வேலையைச் செய்ய முடியுமா? கிரேன் கட்டணம் யானை விலை.

பழைய எஞ்சினியர்

செய்யலாம். பொன்டூனில் (மிதக்கும் மேடையில்) பின்பக்கத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு, டிங்கியில் ஒருவர், உள்ளே ஒருவர். துளைகள் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே வருகின்றன என்று மட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள். கடைசித் துளையைப் போடும்முன் முழு யூனிட்டையும் கயிற்றில் தொங்கவிட்டு, சுக்கானை இரண்டு பக்கமும் இன்னொரு தடவை திருப்பிப் பாருங்கள். நட்டும் வாஷரும் தண்ணீரில் விழும், விழாமல் இருந்ததில்லை. டிங்கிக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு கூடுதலாக வாங்கிவையுங்கள்.